ஊர் முன்னால் சொன்ன பெயர்

என் வீட்டுக்காரருக்கு, ஸாதியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோட்டனூ துறைமுகத்தில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் அல்லாஹ் குறை வைக்காதிருக்கட்டும். இங்கே கம்பு முழங்கால் உயரம் வந்துவிட்டது. குதிர்தான் காலி.

மகமானே அண்ணன் உங்களுக்குப் போன் போட்டு, நான் வெட்கம் கெட்டவள் என்று சொல்லியிருப்பார். போன் அவர் கையில். எனக்கு லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம்தான்.

மெலிந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணமும் சத்துமாவும் தருகிறது. அதற்குப் பெயர் பதிய, போன மாதம் மருத்துவமனை அம்மா ஒருவர் வந்து மரத்தடியில் பிள்ளைகளின் கையை நாடாவால் அளந்தார். நம் மூத்ததற்குச் சிவப்பு காட்டியது, உயிருக்கே ஆபத்தான மெலிவாம். தாய் யார் என்று கேட்டார். தலைப்பிள்ளை மேல் பாசம் காட்டுவதே நம் வழக்கத்தில் வெட்கக்கேடு; அதை என்னுடையது என்று நம்மில் எவள் ஊர் முன்னால் சொல்வாள்? பேரே சொல்ல மாட்டோமே. வளர்த்த வளர்ப்புப்படி முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றேன். எனக்காகப் பேச உங்கள் அண்ணி தெலு வாயெடுத்தார். உங்கள் அண்ணன் முறைத்ததும் அண்ணி அடங்கிவிட்டார். "எங்க வீட்டுப் புள்ளைங்க ஒண்ணும் பட்டினி கிடக்கல. அடுத்த வீட்டப் பாருங்கம்மா," என்று அண்ணன் அந்த அம்மாவை அனுப்பியும் விட்டார். அவர் கௌரவத்தைக் கரைத்தா பிள்ளைக்கு ஊட்டுவேன்?

இப்போது அவன் கால் வீங்கிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

நேற்று அந்த அம்மா மறுபடி வந்தார். ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "இது என் புள்ள. நான்தான் பெத்தேன். பேரச் சொல்றேன், எழுதிக்குங்க," என்றேன். பேரையும் சொன்னேன். அந்த அம்மா பதிந்து, பணமும் மாவும் வாங்க அட்டை கொடுத்தார். இன்று மருத்துவமனையில் பால் குடித்தான்.

அட்டையைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் அப்பன் வீட்டுக்குப் போ, தம்பி முடிவு சொல்லட்டும் என்கிறார் உங்கள் அண்ணன். பிள்ளை செத்தால் அழுவதற்கும் வெட்கப்படச் சொல்வீர்களா? அட்டையைத் தர மாட்டேன். போனால் அதையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

நீங்களும் அவனை ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணனுக்குப் பதில் சொல்லும் முன், போனை அவன் காதில் வைக்கச் சொல்லுங்கள். அல்லாஹ் சனூசிக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்குக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
சனூசியின் அம்மா