முப்பத்தாறு மாதங்களும் பதினோரு நாள்களும்

அன்பும் மதிப்பும் மிக்க என் மூத்த மகளுக்கு,

உன் தாய் எழுதும் மடல். நீயும் உன் இல்லத்தாரும் குறையேதுமின்றி இருக்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம். இங்கு நானும் உன் தந்தையாரும் உடலால் நலம். உள்ளத்தாலும் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை. உன் கடிதம் கிடைத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன, மறுமொழி எழுதத் தாமதித்த குற்றத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். வேலை மிகுதியால் தாமதிக்கவில்லை. கோபம் சற்றுத் தணியட்டும் என்று காத்திருந்தேன், தணியவில்லை. தொலைபேசியில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் தந்தையார் நடுவே புகுந்து அங்கே மழை உண்டா என்று கேட்பார். எழுத்தில் என்றால் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லலாம்.

முதலில் வீட்டுச் செய்திகள். உன் மாமா புகைப்பதை மூன்றாம் முறையாக நிறுத்தியிருக்கிறார், சட்டைப் பை நிறைய பெப்பர்மின்ட் வைத்துக்கொண்டு எதிர்ப்படுவோர்க்கெல்லாம் கொடுத்து வருகிறார். உன் தங்கை புதிய அலுவலகத்தில் மதிய உணவைக் கணினியின் முன்னாலேயே உண்கிறாளாம், நீயும் அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும், செய்யாதே. குளியலறைச் சுவரின் ஈரம் மாடிக் குடித்தனக்காரர் குழாயை மாற்றிய பின் நின்றுவிட்டது.

இனி காருக்கு வருகிறேன். நீ தொலைபேசியில் துண்டு துண்டாகக் கேட்டதை வரிசையாக எழுதுகிறேன், ஒரு சொல்லும் மிகையில்லை. தையல் இயந்திரம் பழுது பார்க்கும் உன் தந்தையாருக்கு முழங்கால் மடங்க மறுத்த பிறகு, கனத்த இயந்திரத் தலைகளைச் சுமந்து தொழிற்கூடம் தொழிற்கூடமாகப் பேருந்து ஏறி இறங்க முடியவில்லை. அதனால்தான் நாற்பத்தொன்பது வயதில் நான் கார் ஓட்டக் கற்றேன். அதனால்தான் நீ பணிபுரியும் நிறுவனத்தின் காரையே வாங்கினோம். கூடுதலாகப் பணம் கட்டினால் மூன்றாண்டு வாரண்டியை ஐந்தாண்டாக நீட்டித் தருவதாக விற்பனையாளர் சொன்னபோது உன்னைத்தான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம வண்டி, ஒண்ணும் ஆகாது" என்றாய். நானும் நம்பினேன்.

முப்பத்தைந்து மாதங்கள் நிறைந்த பிறகு ஒரு நாள், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும்போது ஒரு கரகரப்பு. என் காதுக்கு எட்டவில்லை, உன் தந்தையாருக்கு எட்டியது. "உள்ள பல்லு தேயுது, இப்பவே காட்டிடணும்" என்றார். மறுநாளே சர்வீஸ் சென்டருக்குச் சென்றோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, காகிதக் கோப்பையில் காபி, உபசாரத்துக்குக் குறைவில்லை. அங்கிருந்த ஆலோசகர் கார்க் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, ரேடியோவையும் அணைக்காமல் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒண்ணுமே இல்ல மேடம், ஓட ஓடப் பழகிடும்" என்றார். "மூணு வருஷம் ஓடியாச்சே சார், இன்னும் வண்டி பழகணுமா, இல்ல நாங்க பழகிக்கணுமா?" என்று உன் தந்தையார் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், ஆலோசகரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஜாப் கார்டு என்னும் வேலைச் சீட்டில் 'பொதுச் சோதனை செய்து, கழுவி ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதினார். சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டே கையெழுத்திட்டேன்.

இவ்விடத்தில் என் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். "நாளைக்கே திரும்பப் போய், அந்தக் கார்டுல சத்தம்னு ஒரு வார்த்தை எழுத வச்சுட்டு வந்துடலாம்" என்று உன் தந்தையார் வீடு திரும்பும் வழியெல்லாம் சொன்னார். நான் செவி சாய்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள். நான் எழுதிய விண்ணப்பங்களால்தான் இந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது. ஆகவே யாரோ கிறுக்கும் சீட்டைவிட நிறுவனத்தின் தலைமையகத்துக்கு நான் எழுதும் முறையீடே வலிமையானது என்று எண்ணினேன். நான்கு முறை எழுதி, மூன்றைக் கிழித்து, செம்மைப்படுத்தி முடிக்க ஒன்பது நாள்கள் ஆயின. "நீ எழுதுற அழகைப் பாத்து கியர் தானா சரியாயிடும் போல" என்று அவர் கேலி செய்தார். பதிவு அஞ்சலில் அனுப்பியபோதும் வாரண்டி முடியப் பன்னிரண்டு நாள்கள் மீதமிருந்தன.

முப்பத்தாறு மாதங்கள் நிறைந்து பதினோராம் நாள், மேம்பால ஏற்றத்தில் கியர் பாக்ஸ் இறுகிக் கார் நின்றுவிட்டது. பின்னால் இரண்டு இயந்திரத் தலைகள், சீருடை தைக்கும் தொழிற்கூடத்தில் அவற்றுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த பெண்கள். லாரிக்காரர்கள் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். மடங்காத காலை இழுத்து இழுத்து உன் தந்தையார் காரைத் தள்ளினார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை உனக்கு எழுதிக் காட்ட என்னால் இயலாது. தொழிற்கூட மேலாளர் மாலைவரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவரை அழைத்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அன்றோடு போயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து என் முறையீட்டுக்குப் பதில் வந்தது. 'தங்கள் காரின் குறைபாடு வாரண்டிக் காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பதிவு செய்யப்படாமையால் பரிசீலிக்க இயலாத நிலைக்கு வருந்துகிறோம்.' பிழையில்லாத வாக்கியம். எழுதியவருக்கு வருத்தம் இருந்ததாகத்தான் தெரியவில்லை.

உயர் அதிகாரியிடம் நீயே பேசி, சலுகை அடிப்படையில் இலவசமாகச் செய்து தரச் சொல்வதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். காரை இழுத்துச் சென்று சர்வீஸ் சென்டரில் விட்ட அன்று, எனக்கு அடுத்த நாற்காலியில் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு செவிலியர் உட்கார்ந்திருந்தார், அதே கார், அதே கரகரப்பு. "உங்களுக்கும் இதேதானாம்மா? எனக்கு நாப்பது நாள் தாண்டிடுச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க. நைட் டியூட்டிக்கு இனிமே யார் வண்டியில தொத்திக்கிட்டுப் போறது?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு உங்கள் அலுவலகத்தில் மகள் இல்லை. மகள் இருப்பவளுக்கு ஒரு நீதி, இல்லாதவளுக்கு ஒரு நீதி என்றால் அந்தக் காரில் ஏற என் கால் கூசும்.

நான் கொதிப்பதற்குக் காரணம் ஆலோசகர் அல்லர், நீ. வாரண்டியை மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளாக உயர்த்தலாமா என்று உங்கள் நிறுவனம் கூட்டம் கூட்டப் போவதாகவும், அதற்கு நீ தயாரித்த குறிப்பை மேலதிகாரி பாராட்டியதாகவும் எழுதியிருந்தாய். உயர்த்தினால் காரின் விலை ஏறும், ஒழுங்காக ஓட்டுபவர் தாறுமாறாக ஓட்டுபவருக்கும் சேர்த்துச் சுமக்க நேரும் என்பது உன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சர்வீசையும் தேதி தவறாமல் உங்களிடமே செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது உங்கள் ஏட்டிலேயே இருக்கிறதே, செய்தவருக்கு மட்டும் ஆறாண்டு கொடுங்கள். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஐந்தாண்டு பொறுப்பேற்க முடிகிற நீங்கள், பணம் வாங்காதபோது மூன்றாண்டோடு கையைக் கழுவுவது எப்படி? உன் தந்தையார் பழுது பார்த்த இயந்திரம் இரண்டாண்டு கழித்து நின்றால்கூட, "நான் தொட்ட மிஷினு, நான்தான் போகணும்" என்று கூலி கேட்காமல் போவார். அவரிடம் வாரண்டிப் புத்தகம் ஏதும் கிடையாது.

அதையும் விடு. 'மூன்றாண்டு கடந்த கார்களில் கியர் பாக்ஸ் பழுது மிக அரிது' என்று உன் குறிப்பில் எழுதியிருப்பதாகச் சொன்னாயே, அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் தெரியுமா? நீங்கள் ஏற்றுக்கொண்ட முறையீடுகளை மட்டுமே எண்ணுகிறீர்கள். காலம் கடந்தது என்று திருப்பியனுப்பியவற்றை எண்ணுவதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே யாருமே நிற்கவில்லை என்று எழுதுவதா? உன் அட்டவணையில் அந்தச் செவிலியர் இல்லை. உன் அப்பா இல்லை. "அது என் கருத்து இல்லம்மா, ஆபீஸ் கருத்து" என்று தொலைபேசியில் சொன்னாய். கையெழுத்து யாருடையது?

"உன் கோபத்துக்கு அவ பொழப்புல கை வச்சுடாதே, சின்னப் பொண்ணு" என்கிறார் உன் தந்தையார். முப்பத்து மூன்று வயதுப் பெண் அவருக்குச் சின்னப் பெண். நீ வேலையை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மேலதிகாரியோடு சண்டையிடவும் கேட்கவில்லை. அவர் முகம் சுளிக்கலாம், அடுத்த பதவி உயர்வு தள்ளிப்போகலாம், அதை அறிந்தே கேட்கிறேன். கூட்டத்துக்கு இன்னும் இருபது நாள்கள் இருக்கின்றன. திருப்பியனுப்பிய முறையீடுகளை எடுத்து எண்ணி, அந்த எண்ணிக்கையையும் குறிப்பில் சேர். எண்ணிப் பார்த்த பிறகும் மூன்றாண்டு போதும் என்று தெரிந்தால் அப்படியே எழுது, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவேன், அதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீ நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்து நிமிர்ந்து நடக்கட்டும். கண் மருத்துவரிடம் போகாமல் ஏமாற்றாதே. எண்ணிச் சேர்ப்பாயா, மாட்டாயா என்பதை மட்டுமாவது உடனே எழுது.

இங்ஙனம்,
உன் அம்மா