டெர்மினல் என்றால்

ராயபுரம், திருப்பூர்
8-1-2025

அன்பு அனுசுயாவுக்கு,

நீயும் உன் அம்மாவும் நலமா? நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், என் நம்பரையும் பிளாக் செய்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

தீபாவளியிலிருந்து எனக்கு வயிற்று வலி. போன வாரம் குழாய் விட்டு, கேமராவில் பார்த்தார்கள். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் இருபதாம் தேதிதான் வருவாராம். அந்த இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, டெர்மினல். மேல்வீட்டு குருசாமி அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றியபோது டாக்டர் சொன்னதும் அதே வார்த்தைதான். பதினெட்டாம் நாள் போய்விட்டார்.

போவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பனியன் கம்பெனி உன்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நீ அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த வாரத்தில், நீயே வேலையை விடுவதாகக் கடிதம் டைப் அடித்து, உன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். நீ தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து, நான் துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில், "ஏலே இசக்கி, பொண்டாட்டிகிட்ட லீவு கேட்டாச்சா?" என்று சிரிப்பார்கள். என்னால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடு.

இசக்கிமுத்து


சங்கரன்கோவில்
13-1-2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் உடம்பு விஷயம். பக்கத்து வீட்டு விஜயராணி அக்கா நர்ஸ். ரிப்போர்ட்டை அவளிடம் காட்டினேன். "எட்டி, இது சாவு இல்லட்டி" என்று சிரித்துவிட்டாள். டெர்மினல் என்றால் கடைசி, அவ்வளவுதானாம். பஸ் போய் முடிகிற இடமும் டெர்மினல்தான். உங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு அடுத்து இலியம் என்று இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு அதுதான் பெயர். அந்த இடத்தில் புண் இருக்கிறதாம். புற்று என்று எங்கேயும் எழுதவில்லை. எதற்கும் டாக்டரைப் பாருங்கள். காரம் சேர்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம். "மேனேஜரே உன்னை வேண்டாம்னுட்டாரு, அங்க போய் நின்னு அசிங்கப்படாதே" என்று நீங்கள் சொன்னதை நம்பினேன். என்ன தப்பு செய்தேன் என்று நாலு வருடமாக நான் பார்த்து அனுப்பிய துணியை ஒவ்வொரு லாட்டாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் உங்களோடு தினமும் சண்டை போட்டேன்.

நீங்கள் மேனேஜர் கந்தவேல் சாரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அனுசுயா


ராயபுரம்
22-1-2025

அன்பு அனுசுயா,

டாக்டரும் விஜயராணி அக்கா சொன்னதையேதான் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை, அப்புறம் சரியாகிவிடுமாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். மறுபடி பிறந்த மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு ஏதோ சாவு பயத்தில் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். கந்தவேல் சாரிடம் சொன்னால் நாளைக்கு அங்கே எப்படித் தலைகாட்டுவேன்? அதெல்லாம் முடிந்த கதை. நீ கிளம்பி வா. வீட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். மாவுக் கடைக்காரம்மாகூட உன்னைக் கேட்டார்கள்.

உன் இசக்கிமுத்து


திருப்பூர்
2-2-2025

மச்சானுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானே கம்பெனிக்குப் போனேன். கந்தவேல் சார் பழைய பைலை எடுத்து, நீங்கள் போட்ட கையெழுத்தையும் என் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு வார்த்தை எங்ககிட்ட வந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா? நாங்களும் உங்களைக் கூப்பிட்டுக் கேக்கலீங்க, தப்புத்தானுங்க" என்றார்.

நாளையிலிருந்து ஆறாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர். உங்கள் மேல் நடவடிக்கை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆறு மாதம் நீங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும், அதற்கு வேலை வேண்டும். ஆனால் நடந்தது கட்டிங் டேபிளுக்கும் தெரிந்திருக்கும்.

நீங்கள் பிழைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். விஜயராணி அக்கா சொன்ன அன்றே கோயிலில் விளக்குப் போட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வர மாட்டேன். சாகப் போகிறோம் என்று நினைத்த மனிதர் என்னிடம் உண்மை பேசினார். பிழைத்ததும் அதைக் கிழிக்கச் சொன்னார். பிழைத்தவரோடுதானே நான் குடித்தனம் நடத்த வேண்டும்?

லேடீஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது. காலை எட்டரைக்கு ஷிப்ட். கட்டிங்குக்கு நீங்கள் கிழக்குப் படியில் ஏறுவீர்கள். நான் மேற்குப் படியில் போய்க்கொள்கிறேன். மாத்திரையைச் சாப்பிட்டபின் போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

அனுசுயா