நடு கிடைக்காத முப்பத்தோரு மரங்கள்

எட்டாம் தேதி, இரவு

அன்புள்ள வாண்டுவுக்கு,

இத்தனை நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு. மணி ஒன்றரை. காலை ஆறரைக்குத் தபால் பை போய்விடும், அதை விட்டால் உங்கள் முகாமுக்கு மளிகை வண்டி வர இன்னும் நாலு நாள் ஆகும். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க என் மனதில் ஓடுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதை விடமாட்டேன் என்கிறார். குளியலறைச் சுவரில் ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை. மேல் வீட்டுக்காரரிடம் கேட்டால், எங்க குழாய் நல்லாத்தான் இருக்கு, உங்க சுவருக்குத்தான் வேர்க்குது போல என்று சிரிக்கிறார். இதையெல்லாம் நான் ஏன் அளந்துகொண்டிருக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும், சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீங்கள் துளையிட்டு மாதிரி எடுத்த பள்ளத்துக் காட்டில் முப்பத்தோரு மரங்களுக்குச் சிவப்பு வர்ணம் பூசிவிட்டார்கள், வெட்ட உத்தரவாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆறு பேர் கைகோத்தாலும் சுத்திப் பிடிக்க முடியாத மரத்துக்கு நூத்தம்பது வயசாம்மா, எந்த முட்டாள் எண்ணினதுன்னு உங்க ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்லு, அந்த மூஞ்சிய நான் பாக்கணும் என்று கேட்டிருந்தாய். அந்த மூஞ்சியை நீ பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய் கண்ணு. நான்தான்.

நீங்கள் மரத்தைத் துளைத்து எடுக்கிற குச்சிகள் எங்களுக்கு வரும்போது எண் மட்டும்தான் இருக்கும், எந்த முகாம் அனுப்பியது என்று சொல்லமாட்டார்கள். அந்த முப்பத்தோரு குச்சிக் கட்டு வந்தபோது பென்சில் பருமன் குச்சிகளைப் பலகையில் ஒட்டி, தேய்த்து, பூதக்கண்ணாடியை வைத்து, வருஷத்துக்கு ஒன்றாக விழுகிற வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணியதில் பிழை இல்லை. ஆனால் கிழட்டு மரம் உள்ளே உளுத்துப் போயிருக்கும், துளைக்கிற கருவிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் அகப்படும். அதனால்தான் நீங்கள் குச்சியைச் சுற்றும் காகிதத்தில் ‘நடு கிடைக்கவில்லை’ என்று எழுதி அனுப்புகிறீர்கள், நாங்களும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடுகிறோம், இதற்கு மேலும் உண்டு என்று அர்த்தம். முப்பத்தொன்றிலும் அப்படி எழுதியிருந்தது, நான் படித்தேன். புதிதாக வந்த கணினிப் படிவம் அந்தக் குறியை ஏற்க மறுத்துத் திரும்பத் திரும்பச் சிவப்பாகக் கத்தியது. கணினி பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டேன், அக்கா வெறும் நம்பரப் போட்டு அனுப்புங்க, மிச்சத்தக் குறிப்புல அப்புறம் சேத்துக்கலாம் என்றான். சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரம். திங்கட்கிழமை சேர்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை பட்டியல் மேலே போய்விட்டிருந்தது. இருநூறு வயதுக்கு மேல் இருந்தால் தொடக்கூடாது என்பது சட்டம். என் பட்டியலில் ஒன்றுகூட இருநூறைத் தொடவில்லை. உன் கடிதத்தில் முப்பத்தொன்று என்று படித்தபோதுதான் அது உங்கள் காட்டுக் கட்டு என்று எனக்குத் தெரிந்தது.

மேலதிகாரி அறையில் ஒரு உலகப் படம் மாட்டியிருக்கிறது, கோடாலி படாத பழங்காடுகள் எங்கெங்கே மிச்சம் என்று பச்சையாகக் காட்டும். அங்கொன்று இங்கொன்றாகச் சிந்தின மாதிரி இருக்கும், சிலதைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். உங்கள் காடு சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் அவரிடம் என் தவறைச் சொன்னேன். விடுங்கம்மா, கையெழுத்தாயிடுச்சு, இப்ப வாயத் தொறந்தா உங்க வேலையோட என் வேலையும் போகும் என்றார். நேற்று மேல்முறையீட்டுக் குழுவுக்கு நானே என் பெயரில் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஊழியர் வாயால் சொல்வது போதாது, அத்தாட்சி வேண்டும் என்கிறார்கள். குச்சியை ஒட்டி முடித்ததும் அதைச் சுற்றி வந்த காகிதத்தைக் குப்பையில் போடுவதுதான் எங்கள் வழக்கம். கிடங்கு அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டேன், ஒரு துண்டு இல்லை.

மிச்சம் இருப்பது உங்கள் குழுத்தலைவியிடம் உள்ள கள நோட்டு ஒன்றுதான். ஒவ்வொரு மரத்துக்கும் நடு கிடைத்ததா இல்லையா என்று அதில் எழுதியிருப்பாள். மேல்முறையீட்டுக் குழு கூடுவது பதினெட்டாம் தேதி, அறுக்கிற இயந்திரம் காட்டுக்குள் இறங்குவது இருபதாம் தேதி. காலில் விழுந்தாவது நோட்டை வாங்கி அடுத்த மளிகை வண்டியில் அனுப்பு. படம் எடுத்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். அதைக் காட்டினால் அம்மா வேலை போய்விடுமே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. போகட்டும். பத்தொன்பது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பரீட்சை எழுதியவள், இன்னொரு வேலை தேடமாட்டேனா. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொண்ணுகிட்ட சொல்லிட்டியா, மொதல்ல அதச் செய் என்றார்.

இன்னொன்று. இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்பேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடு உளுத்த மரம் அறுக்கிறவன் சொன்ன பக்கம் விழாது, பாதியில் பிளந்து எங்கே வேண்டுமானாலும் சாயும். நான் எண்ணாமல் விட்ட அந்த நடுவுக்கடியில் என் பிள்ளை நிற்பதா. வேண்டாம்டி. என்மேல் இருக்கிற கோபத்தை எனக்கே எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, மரத்தடியில் மட்டும் நிற்காதே.

நீ நல்லா இருக்கணும், கைகால் சுகத்தோடு நூறு வருஷம் இருக்கணும். ஈரக் காலுறையோடு தூங்காதே. நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டு, மழையில் மை கரைந்துவிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும். நோட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வரி எழுதிப் போடு, சீக்கிரம் பதில் போடு.

உன்
அம்மா