பின் தெருவில் நிற்கும் கார்கள்

ஜூன் 4, செவ்வாய்

யூதராக இருப்பது பற்றி நான் எழுதிய கட்டுரைகளை ஒர்லி நாடகமாக்குகிறாள். அவளுடைய சின்ன அரங்கில், ஆகஸ்டில். இன்று முதல் வாசிப்பு. என் வாக்கியங்களை நடிகர்கள் உரக்கப் படித்தபோது யாரோ எழுதியது மாதிரி இருந்தது. ஒரே இடத்தில்தான் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் கார்.

ஓய்வுநாளான சனிக்கிழமை வண்டி ஓட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். அப்பா சனிக்கிழமைதோறும் பென்ட்லீ புறநகரில் இருக்கும் வீட்டிலிருந்து காரை ஓட்டி வந்து, ஜெப ஆலயத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வீட்டிலிருந்தே நடந்து வந்தவர் போல உள்ளே நுழைவார். அந்தப் பின் தெரு முழுக்க அப்படிப்பட்ட கார்கள்தான். யாரும் யாருடைய காரையும் பார்த்ததில்லை.

"நாடகத்தோட உயிரே இதுதான்," என்றாள் ஒர்லி.

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். ஃபானியா அத்தையும் இருந்தாள்.

"என் காரை மேடையில ஏத்தப் போறியா?"

"காரெல்லாம் வராதுப்பா. ரெண்டு நாற்காலிதான்."

"ஏத்தறதுதான் ஏத்தற, நல்ல காரா ஏத்து," என்றாள் அத்தை. "ஜெர்மன் கார் மட்டும் வேண்டாம்டி."

அப்பா சிரிக்கவில்லை. கட்டுரையைப் போன வருஷமே படித்துவிட்டாராம். ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அது பத்திரிகைம்மா. ஒருத்தன் தனியா படிப்பான், மூடி வைப்பான். இது அப்படியா? எல்லாரும் ஒண்ணா உக்காந்து சிரிப்பாங்க."

இதை நான் ஏன் யோசிக்கவில்லை?

ஜூன் 22, சனி

அத்தை போனில் கத்தினாள். "தாலியா, உங்கப்பன் இன்னிக்கு நடந்தே போயிருக்கான்டி! பென்ட்லீயிலிருந்து! அந்த வலிக்கிற முட்டியை வச்சுக்கிட்டு!"

மழை வேறு. சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டேன். "சட்டம் என்ன சொல்லுதோ அதைத்தான் செஞ்சேன். நீயும் அதைத்தானே எழுதியிருக்க?" வைத்துவிட்டார்.

நான் அதையா எழுதினேன்?

ஜூன் 25, செவ்வாய்

அந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? வெறும் உபதேசம்," என்றாள் ஒர்லி. அவள் சொல்வது சரிதான். அதுதான் எரிச்சல்.

அப்பாவாக நடிக்கும் நைஜல் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "காரைப் பூட்டிட்டு அவர் திரும்பிப் பார்ப்பாரா?"

தெரியாது. சின்ன வயதில் கார் நின்றதும் நான் இறங்கி முன்னால் ஓடிவிடுவேன். பிறகு ஜெப ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பார்க்காததை எவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

ஹாதார்ன் சாலையில் அவரைப் பிடித்தேன். கோட்டு நனைந்து தொங்கியது. கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

"அப்பா, ஏறுங்க."

"இன்னிக்கு ஓய்வுநாள்."

"இத்தனை வருஷமா ஓட்டினீங்களே!"

"ஓட்டினேன். ஆனா ரபி வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேனா? கடவுளுக்கு என் கார் தெரியாதா? அவர்கிட்ட எதை மறைக்க முடியும்? அந்த ரெண்டு தெரு நடந்தேன் பாரு, அதுதான் நான் காட்டின மரியாதை. நீ அதைப் பொய்யுன்னு எழுதிட்ட, தாலியா."

அவர் நடந்தார், நான் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் டிராம் மணி அடித்துக்கொண்டே வந்தது. அழுகையா வந்துச்சு, வண்டிய நிறுத்தவும் முடியல.

ஜூலை 7, ஞாயிறு

அப்பாவின் முட்டி வீங்கிவிட்டது. நடக்கவே கூடாதாம். காரையும் எடுக்க மாட்டேன் என்கிறார். இனி சனிக்கிழமைகளில் வீடுதான்.

ஜூலை 9, செவ்வாய்

சாலையில் சொன்னதைக் காட்சியில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "சேத்துக்கோ. பேரு போடாதே."

நைஜல் சொல்லிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த ஒர்லி பாதியில் நிறுத்தினாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

முதல் காட்சி. நாற்காலிக் காருக்கு அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அப்புறம் அந்த வரி. யாரோ இருமினார்கள். வேறு சத்தம் இல்லை.

வெளியே, அப்பாவோடு ஜெப ஆலயத்துக்கு வரும் கிளிக் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் காருக்கு முன்னால் நிற்பது எப்போதும் அவருடைய கார்தான். "நல்லா எழுதியிருக்கம்மா. இனிமே நாங்க எங்க நிறுத்தறது, அதையும் நீயே சொல்லிடு."

அப்பாவுக்காக வைத்திருந்த இருக்கையில் கடைசி வரை என் கோட்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

நேற்றோடு நாடகம் முடிந்தது. காலையில் அப்பாவே கூப்பிட்டார். "சும்மாதான் இருக்கியா?" அவ்வளவுதான். போனபோது கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றிருந்தார். என் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பின் தெரு காலியாகக் கிடந்தது. ஒரு கார்கூட இல்லை. அடுத்த தெருவுக்குப் போனால், எல்லாம் அங்கே வரிசையாக. என் புண்ணியத்தில் எல்லோருக்கும் ஒரு தெரு அதிகம். அப்பாவின் முட்டிக்கும்தான்.

பூட்டிவிட்டு, அப்பா என் கையைப் பிடித்துக்கொள்ள, நடந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. நைஜலிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இனி எதற்கு?

மூலை திரும்பியதும் கிளிக் மாமா. என்னையும் அப்பாவின் காலையும் பார்த்தார். "என்னங்க, இந்த முட்டியோட நடந்தா வந்தீங்க?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"நடந்துதான் வந்தோம், மாமா," என்றேன்.

அப்பா என் கையை விட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டார்.