பின்னால் கட்டும் கார்

கார்நார்வன், ஆஸ்திரேலியா
5 அக்டோபர் 2025

அன்புள்ள சஜிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். நீயும் மகள் அஸ்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் லைன் அறுந்துபோகிறது. அறுந்துபோகாத நாளில் நாம் சண்டை போடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

விசா வந்துவிட்டது. உனக்கு ஒன்று, அஸ்மாவுக்குத் தனியாக ஒன்று. ஒன்பது வருஷம் ஆயிற்று, சமையல்காரனாக இந்த ஊருக்கு வந்து. கடிதத்தைப் பார்த்ததும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

மோட்டார் ஹோம் வாங்கிய விஷயம் உனக்குத் தெரியும். பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம். வீட்டு வாடகை என் சம்பளத்துக்குக் கட்டுபடி ஆகவில்லை. என் வேலையும் ஒரே ஊரில் இல்லை. கொஞ்சகாலம் சுரங்க முகாம், கொஞ்சகாலம் கடற்கரை விடுதி. வீட்டையே கூட்டிக்கொண்டு போவதுதான் சௌகரியம்.

ஒரே ஒரு குறை. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர்க் குழாயும் கரண்டும் மாட்டிவிட்டால், ஒரு கட்டு மல்லித்தழை வாங்கக்கூட அதைக் கிளப்ப முடியாது. அதற்காக இங்கே பலர் பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்து வருகிறார்கள். உள்ளே ஆள் இல்லாமல், நான்கு சக்கரமும் ரோட்டில் உருண்டபடி அது பின்னால் வரும். எல்லாக் காரையும் அப்படி இழுக்க முடியாது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சின் ஓடினால்தான் கியர்ப்பெட்டிக்குள் ஆயில் சுற்றும். அணைத்துவிட்டு இழுத்தால் உள்ளே வெந்துபோகும்.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரியது, ஆட்டோமேட்டிக், மெத்தை போன்ற சீட். ஆனால் அதைத் தனி டிரெய்லரில் ஏற்றித்தான் இழுக்க வேண்டும். இன்னொன்று சின்னது, கியர் போட்டு ஓட்டுவது. பின்சீட் கொஞ்சம் கட்டை. அதை அப்படியே கட்டி இழுக்கலாம். ஓட்டப்போவது நீ. உன் அண்ணன் ஜாபரின் டெலிவரி வேனையே ஓட்டியவள் ஆயிற்றே. எதை வாங்கட்டும், சொல்.

உன் பதிலுக்காக,
உன் அய்யூப்


கியாக்டடா, யாங்கோன்
19 அக்டோபர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து வைக்கிறேன். நெட் வரும்போது வந்து சேரும்.

விசா வந்ததில் சந்தோஷம். அஸ்மா கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பர்மிய அம்மா கூட அவள் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கடை பழையபடிதான். என் வாப்பா மவுத்தான பிறகு இதை நான் பார்க்க ஆரம்பித்தபோது கரண்ட் இருந்தது. இப்போது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு ஓடுகிறேன். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுகிறேன். தண்ணீர் மோட்டாரும் அதே நேரத்தில்தான் போட வேண்டும். பிறகு மூன்று மாடி ஏறி வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

நீங்கள் அனுப்பிய வண்டிப் படத்தை அஸ்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உம்மா, மாண்டலே போற எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரியே இருக்கு. நானும் வாப்பாவும் முன்னாடி உட்காருவோம். நீங்க பின்னாடி படுத்துக்கங்க. உங்களுக்குத்தான் எப்பப் பாத்தாலும் அசதி."

சரி என்றேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. அந்த வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறதா? அஸ்மாவுக்குப் பதினேழு வயது. ஊர் ஊராகப் போனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பாள்?

கார் விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. ரோட்டின் வலப்பக்கம் போகிற ஊரில், ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்கிற ஜப்பான் வேனை ஓட்டியவள் நான். முந்திப் போக வேண்டுமென்றால் எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியும் ஓட்டினேன். இப்போது எந்தக் கார் என்று யோசிக்கவே அலுப்பாக இருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதை வாங்குங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். சமைக்கிறவர்கள்தான் சாப்பிட மறக்கிறார்கள்.

சஜிதா


கார்நார்வன்
9 நவம்பர் 2025

அன்புள்ள சஜிதாவுக்கு,

ஸலாம். நீ கேட்டதில் தப்பே இல்லை. வண்டிக்குள் அறை இல்லை, திரைதான் இருக்கிறது. பலகை வைத்து அடைத்துக் கதவு போட்டுத் தருகிறேன் என்று இங்கே ஒருவன் சொல்லியிருக்கிறான். அஸ்மா படிப்பு முடியும்வரை கார்நார்வனை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். விடுதி மேனேஜரிடமும் பேசிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஊர் சுற்றுவது.

போன வாரம் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். நான் வண்டியை நிறுத்தியிருக்கும் பூங்காவின் முதலாளியம்மா தன் சின்னக் காரை இரவல் கொடுத்தார், கட்டி இழுத்துப் பழகிப் பார் என்று. கொக்கி மாட்டினேன், பின்விளக்குக்கு வயர் மாட்டினேன், எல்லாம் சரியாகச் செய்தேன். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்க மறந்துவிட்டேன். மோட்டார் ஹோமுக்கு இருக்கிற பலத்தில் முன்னால் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்த லாரிக்காரன் கையை ஆட்டிய பிறகுதான் கண்ணாடியில் புகையைப் பார்த்தேன். இரண்டு டயர் போய்விட்டது.

அந்த அம்மா திட்டவில்லை. "ஏதோ யோசனையில் இருந்தாயா?" என்று மட்டும் கேட்டார். உன் கடிதத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 'உங்களுக்குத் தோன்றியதை வாங்குங்கள்' என்று எழுதியிருந்தாய். உன் உம்மா கையில் கொடுக்கிற சேலையைத் தவிர வேறெதையும் நீ அப்படி வாங்கியவள் இல்லை. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குக் கூடப் பத்துக் குறை சொல்வாய்.

பெரிய காரையே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். டிரெய்லர் தொல்லைதான். ஆனால் உன் முதுகு வலிக்கு அந்த சீட் நல்லது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். ஏதாவது சொல்.

உன் அய்யூப்


கியாக்டடா, யாங்கோன்
28 நவம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். சின்னக் காரை வாங்குங்கள்.

என் முதுகுக்காகப் பெரியது வேண்டாம். நான் வரவில்லை.

இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அதனால் கோபத்தில் எழுதியது என்று நினைக்காதீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் வந்து சண்டையாவது போட்டிருப்பேன்.

இரண்டாம் முறை நீங்கள் லீவில் இங்கே வந்தது நினைவிருக்கிறதா? காலையில் எழுந்து போர்வையை அழகாக மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "குளிக்கலாமா சஜிதா?" என்று கேட்டீர்கள். நானும், "துண்டு வேணுமா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டேன். நீங்கள் புறப்பட்ட அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோதுதான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். விசா எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் நல்லவர். அந்த வண்டிக்குள் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, "நீங்க போங்க, நீ போ" என்று மரியாதையாகவே இருப்போம். இந்த வயதில் அதை ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை, மச்சான். இருக்கிற கொஞ்சத்தையும் கரண்டும் கடையும் எடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் கடை என் கையில் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் திறக்கிறேன், அடைக்கிறேன்.

அஸ்மா வருவாள். அவளை இங்கே வைத்திருக்க முடியாது. பதினெட்டு நெருங்கும் பிள்ளை இருக்கிற வீடு என்பதால், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்களோ என்று, தட்டுவது யார் என்று கேட்ட பிறகுதான் கதவைத் திறக்கிறேன். ஜாபர் அண்ணன் பாங்காக் வரை கூட வந்து ஏற்றிவிடுவார்.

நான் வரவில்லை என்று அவளிடம் நேற்றுச் சொன்னேன்.

"யபாதெ உம்மா," என்றாள், பரவாயில்லை என்று. பிறகு, "எனக்கு மொதல்லயே தெரியும். சூட்கேஸ் வாங்கப் போனப்ப உங்களுக்குன்னு ஒண்ணுகூட நீங்க எடுத்துப் பாக்கலையே," என்றாள்.

சின்னக் காரை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் கியர் வண்டியில் பழகட்டும். அதைப் பழகினால் எதையும் ஓட்டலாம். நீங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் அவள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும். கற்றுக்கொடுக்கும்போது கத்தாதீர்கள். கத்தினால் அவள் தமிழை விட்டுவிட்டு பர்மியத்தில் பேச ஆரம்பித்துவிடுவாள், பிறகு மூன்று நாள் பேசமாட்டாள்.

அந்த அறைக்குக் கதவு போடுவதாகச் சொல்லியிருந்தீர்களே, அதை அவளுக்குப் போட்டுக்கொடுங்கள்.

இதற்கு உடனே பதில் எழுத வேண்டாம். என்னை வரச்சொல்லியும் எழுத வேண்டாம்.

சஜிதா


கார்நார்வன்
18 ஜனவரி 2026

சஜிதாவுக்கு,

ஸலாம். உடனே எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். அதை விடு.

அஸ்மா வந்து சேர்ந்த செய்தியை அவளே சொல்லியிருப்பாள். பெர்த் வரை மோட்டார் ஹோமிலேயே போய் அழைத்து வந்தேன். வாங்கியது சின்னக் கார்தான். கட்டியது முதல் பிரித்தது வரை ஒரு குறையும் இல்லை. வழியில் நிறுத்தும்போதெல்லாம் இறங்கிப்போய் நான்கு டயரையும் தொட்டுப் பார்த்தேன், சூடேறியிருக்கிறதா என்று. அஸ்மா முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில், "இங்க ஆளே இல்லையா வாப்பா?" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள்.

கதவு போட்டாகிவிட்டது. சாத்திக்கொள்கிறாள்.

ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் நாள் அவள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, வண்டி அணைந்துகொண்டே இருந்தது. நான் கத்தவில்லை. கத்தாமலேயே அவள் அழுதாள். அது வண்டிக்காக இல்லை என்று தெரிந்ததால் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே சாவியைத் திருப்பினாள். நேற்று கடைத்தெருவரை போய்வந்தோம்.

நீ சொன்னது எல்லாம் சரி என்று எழுதத் தோன்றவில்லை. தப்பு என்று எழுதவும் முடியவில்லை. குளிக்கலாமா என்று கேட்டதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று எனக்குக் குளியலறையில் எந்த வாளி யாருடையது என்று தெரியவில்லை. அதனால்தான் கேட்டேன்.

பூங்கா அம்மா அஸ்மாவைப் பார்த்துவிட்டு, உன் மனைவி எப்போது வருவாள் என்று கேட்டார். அவள் யாங்கோனில் கடை நடத்துகிறாள், வரமாட்டாள் என்றேன். முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அஸ்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அந்த நேரத்தில் நான் விடுதியில் வேலையில் இருப்பேன். நீங்கள் இருவரும் தாராளமாகப் பேசுங்கள்.

அஸ்மாவின் வாப்பா,
அய்யூப்