மாமன்கள் காபி குடிக்கப் போன பிறகு

செப்டம்பர் 3, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்து பதினொரு நாள். என் மனைவி தேஸ்மா விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று இன்று நீதிமன்றத் தாள் வந்தது. விசாரணைக்கு முன்னால் சமரசப் பேச்சுக்கு வர வேண்டுமாம். என்ன சமரசம்? சேர்ந்து வாழ எனக்கும் ஆசையில்லை. எனக்கு வேண்டியது ஹனும் மட்டும்தான். ஒன்பது வயது மகள்.

எங்கள் மினாங் சமூகத்தில் வீடு பெண்ணுக்கு, பிள்ளை அம்மாவின் குலத்துக்கு. பதிமூன்று வருஷம் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்ட நான் ஒரு பையோடு வெளியே வந்தேன். இனி அந்தப் படியேறினால் ஊர் சிரிக்கும். நாளைக்கு ஹனும் என்னைப் பார்த்து யாரோபோல "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டால்?

செப்டம்பர் 6, வெள்ளி

தேஸ்மா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று ஹனுமைக் கூப்பிட்டேன். தேஸ்மாதான் வந்தாள். "அவ தூங்குறா." சாயங்காலம் நாலரை மணிக்கு! உள்ளே கார்ட்டூன் சத்தம் கேட்கிறது. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வரவில்லை இவளுக்கு.

"அவளைக் கூட்டிக்கிட்டு பாத்தாம் தீவுக்குப் போயிடறேன், தேடிக்கிட்டே இரு" என்று கத்திவிட்டு வந்தேன். பாத்தாமில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 17, செவ்வாய்

முதல் கூட்டம். துணைக்கு என் தாய்மாமன் சுத்தானை அழைத்துப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேஸ்மாவும் தன் தாய்மாமன் ரங்காயோவோடு வந்திருந்தாள். மாமன் இல்லாமல் நாங்கள் எதையும் பேசமாட்டோம். இரண்டு மாமன்கள் இருந்தால் வேறு யாரும் பேச முடியாது.

எங்கள் கல்யாண அழைப்பில் ஆரம்பித்தார்கள். "வெத்தலைத் தட்டை எவனோ மூணாம் மனுஷன்கிட்ட குடுத்தனுப்பினீங்களே!" என்றார் எங்கள் மாமா. "வாங்கிக்க உங்க பக்கம் பெரியவங்கன்னு யாரு இருந்தா?" என்றார் ரங்காயோ. ஒரு மணி நேரம். ஹனும் பெயரை இருவரும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

சமரசம் செய்துவைக்கிற எல்ஃபிரா அம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாக, "பெரியவங்களுக்குத் தொண்டை காய்ஞ்சிருக்கும். எதிர்க்கடையில காபி நல்லா இருக்கும், போய்ட்டு வாங்க. நான் கூப்பிடறேன்" என்றார். கடைசிவரை கூப்பிடவே இல்லை!

கதவு சாத்தியதும் எனக்கும் தேஸ்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனை மாதம்?

"இப்ப சொல்லுங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன பயம்?" என்றார் எல்ஃபிரா அம்மா. என்ன வேண்டும் என்று கேட்பார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன்.

தேஸ்மா அழுதாள். "பாத்தாமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்னாரு. அன்னையிலேர்ந்து ஸ்கூல் விடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கிறேன்."

சே. நான் சும்மா— இல்லை, சும்மா இல்லை. அவளுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அதை அப்படியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் பயத்தையும் சொன்னேன். தேஸ்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "உங்களை விருந்தாளி ஆக்கறதா? அப்பா எப்ப வருவார்னு தினம் என் உயிரை வாங்குறா" என்றாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். மாமன்களுக்குத் தேதி சொல்லவில்லை, இருவருமே!

எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறுவரை ஹனும் என்னோடு, அக்கா வீட்டில். வெளியூர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விவாகரத்து நடக்கும், அதில் மாற்றமில்லை. அப்பாடா என்றிருக்கிறது.

மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். "என்னடா, விவாகரத்துக்குப் போனியா, விருந்துக்குப் போனியா?" என்றாள் அக்கா.

அக்டோபர் 4, வெள்ளி

சுத்தான் மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், காதுக்கு நிம்மதி.

நவம்பர் 8, வெள்ளி

ஆரம்பத்தில் ஹனுமைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் தேஸ்மா ஆயிரம் கேள்வி கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு, எந்த வழியாக, போன் சார்ஜ் இருக்கிறதா. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன்.

இன்று ஹனும் பைக்கிலிருந்து குதித்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பைப் பக்கத்துக்கு ஒன்றாக உதறிவிட்டு நேரே அடுக்களைக்குள் போனாள். "அப்பா! மீனே இல்ல, என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

தேஸ்மா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "வகுத்தல் கணக்குன்னா அழறா. நீங்களே பாருங்க, என்னால ஆகல" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன் என்று கேட்கவே இல்லை.