இரண்டாயிரமா, ஆயிரத்து ஐந்நூறா

மார்ச் 4, புதன்

இன்று நாற்பத்தோரு லாரிகள். பாரத்தோடு வந்ததை எடை போட்டேன், காலியாகத் திரும்பியதை எடை போட்டேன், சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன். நடுநடுவே கார் கம்பெனிக்காரர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எடை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அறைக்குள் ஒருவன் தானாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு டிரைவர் கேட்டே விட்டார்: "என்னண்ணே, லவ் லெட்டரா?"

இதுவரை எங்களுக்கு ஸ்கூட்டரே போதுமாக இருந்தது. என் மனைவி மலைப் பஸ் டிரைவர். அவள் ஓட்டும் பஸ்ஸில் காலையில் அடிவாரத்துக்கு இறங்கி வருவேன், மாலையில் அதே பஸ்ஸில் மேலே வீட்டுக்குப் போவேன். மூத்தவளுக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு. எட்டு நாளைக்கு முன்பு எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பெண். பதினோரு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டன.

இனிமேல் பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். அதற்குப் பின்னால் இரட்டைத் தள்ளுவண்டி, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் சிலிண்டர். பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார்தான் வாங்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. முடிவாகாதது எஞ்சின். இரண்டாயிரம் சி.சி.யா, ஆயிரத்து ஐந்நூறா?

மார்ச் 5, வியாழன்

மூத்தவள் தங்கைகளுக்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டாள். பெரியது குண்டு, 1,210 கிராம். சின்னது பொடி, 905. பொடி நேற்றைவிடப் பதினைந்து கிராம் குறைவு. என் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. அந்த மேடையில் உட்காருகிற நான் பதினைந்து கிராமுக்காக ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 7, சனி

கார் ஷோரூமுக்குப் போனேன். அங்கே டை கட்டிய ஒரு பையன். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், பேச்சுக்கு மட்டும் ஐம்பது வயது. நேராக என்னை ஒரு மேசைக்கு அழைத்துப்போனான். ஆயிரத்து ஐந்நூறு சி.சி. எஞ்சின் ஒன்றைக் குறுக்கே அறுத்து, உள்ளிருப்பது தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். பக்கவாட்டில் நத்தைக்கூடு போல ஓர் இரும்பு, என் முஷ்டி அளவுதான்.

"இதுதான் சார் டர்போ. எஞ்சின் வெளிய தள்ற புகை இந்த விசிறியச் சுத்தும். விசிறி வெளிக்காத்தப் புடிச்சு எஞ்சினுக்குள்ள அழுத்தி அனுப்பும். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்து சார். ரெண்டாயிரம் சி.சி.ல இது கிடையாது."

அடேயப்பா! ஒன்றரை லட்சமா? விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. வேண்டாம் என்று வெளியே தள்ளுகிற மூச்சை வைத்தே அடுத்த மூச்சை இழுக்க வைத்திருக்கிறானே ஒருவன், அவன் யாரோ எவனோ, கண்டால் காலில் விழுவேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, "சார், டீ ஆறிடுச்சு" என்றான் டைக்காரன்.

ஆனால் நான் எடை போடுகிறவன். பாரம் கூடினால் எஞ்சின் பெரிதாக இருக்க வேண்டும். இதில் வாய் பிளப்பதற்கு என்ன இருக்கிறது?

மார்ச் 11, புதன்

டைக்காரன் இரண்டாயிரம் சி.சி. வண்டியை என் எடை மேடைக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். நான் மணல் மூட்டைகளைத் தயாராக வைத்திருந்தேன். மூத்தவள் அளவுக்கு முப்பத்திரண்டு கிலோவில் ஒன்று. குழந்தைகள், அவர்களுடைய இருக்கைகள் இரண்டுக்குமாகப் பத்துப் பத்துக் கிலோவில் இரண்டு. மூன்றுக்கும் பின் சீட்டில் பெல்ட் போட்டேன். தள்ளுவண்டி, சிலிண்டர், பைகளுக்காக டிக்கியில் இன்னும் நாற்பத்து மூன்று கிலோ.

"சார், சீட்டு கவர்... புது வண்டி சார்..." என்று பையன் பதறினான்.

"உங்க எடை என்ன தம்பி?"

"எதுக்கு சார்?"

"நீங்கதான் என் மனைவி."

பாவம், முகம் சிவந்துவிட்டது. எண்பது கிலோவாம். அவளைவிடப் பத்தொன்பது கூட, கழித்துக்கொண்டேன். மேடைக்கு முன்னாலிருக்கும் சமதளச் சாலையில் போய் வந்தோம். இரண்டாயிரம் அலட்சியமாக இழுத்தது. இதையே எடுத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பதினைந்து நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

மார்ச் 12, வியாழன்

உருப்படியாம்!

ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் தங்கும் அறையில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மூட்டைக் கதைக்குச் சிரித்தாள். வயிற்றுத் தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்றாள். பிறகு கேட்டாள்.

"எந்த ரோட்ல ஓட்டிப் பாத்தீங்க?"

"மேடைக்கு முன்னாடி."

"நாம குடியிருக்கறது மேடையிலயா, மலையிலயா?"

கையிலிருந்த கார்ப் புத்தகத்தை மடித்து வைத்தேன்.

"பழைய பஸ்ல எஞ்சின் பெருசு. ஏழாவது வளைவு தாண்டினா இழுக்காது, மூச்சு வாங்கும். புதுசுல எஞ்சின் சின்னது, ஆனா டர்போ. பாட்டுப் பாடிக்கிட்டு ஏறும். மேல போகப்போக காத்து கம்மிங்க. வயிறு பெருசா இருந்து என்ன, தட்டுல சாப்பாடு இருக்க வேணாமா?" கொஞ்சம் நிறுத்தி, "பதினேழு வருஷமா நான் ஓட்டற ரோடு. என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றாள்.

உடம்பு சரியில்லாத நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னேன். பொய். தோன்றவேயில்லை. தினமும் அவளுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து அதே மலை ஏறுகிறேன், பஸ் ஏறுகிறது என்று நினைத்திருக்கிறேனே தவிர எப்படி ஏறுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மார்ச் 15, ஞாயிறு

டைக்காரனைக் கெஞ்சி இரண்டு வண்டிகளையும் மலைக்கு வரவழைத்தேன். மூட்டைகளும் வந்தன.

முதலில் இரண்டாயிரம். ஆறாவது வளைவு வரை ராஜா மாதிரி வந்தது. ஏழாவது தாண்டியதும் மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. காய்கறி ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களை முந்திப்போனது. என்னிடம் தினம் எடை போடுகிற லாரி! டிரைவர் கையை வேறு ஆட்டினான். மானமே போயிற்று.

பிறகு ஆயிரத்து ஐந்நூறு. அதே மூட்டைகள், அதே வளைவு. லேசாக ஒரு விசில் சத்தம். அவ்வளவுதான், ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து. உச்சியில் இறங்கி பானெட்டைத் திறக்கச் சொல்லி அந்த நத்தைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று குறைந்த இடத்தில் இருக்கிற காற்றையெல்லாம் வாரி வாரிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அருகே நின்ற டைக்காரன் பொய்ச் சிரிப்பை மறந்து, "நானே இத மலையில ஓட்டினதில்ல சார்" என்றான்.

மார்ச் 19, வியாழன்

டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார்.

குண்டு பற்றிக் கவலையில்லை. பொடியின் நுரையீரல்தான் இன்னும் தேறவில்லை. "உங்க வீடு ரொம்ப உயரத்துல இருக்கு. அங்க காத்து கம்மி. இவ நுரையீரல் அத தாங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு மூணு வருஷம் கீழயே வீடு பாத்துக்க வேண்டி வரலாம். அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

வெளியே வந்து மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். பஸ் காலையில் மேலிருந்துதான் கிளம்பும்; கீழே வந்துவிட்டால் அந்த மலை ரூட் அவளுக்கு இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொழைச்சு வந்தா போதும்" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

டைக்காரன் போன். மாதக் கடைசிக்குள் எந்த எஞ்சின் என்று சொல்ல வேண்டுமாம், வண்டி வர ஒரு மாதம் ஆகுமாம். கீழே குடியிருக்கப் போகிறோம் என்றால் இரண்டாயிரம். மேலே என்றால் மற்றது. என்னன்னு சொல்றது? எம்பொண்ணு மூச்சு விடுவாளான்னு எனக்கெப்படித் தெரியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று பொடியை என் நெஞ்சில் வைத்தார்கள்.

சட்டையைக் கழற்றச் சொல்லிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார் நர்ஸம்மா. பொடியின் மூக்கில் மெல்லிய குழாய், அதன் மறுமுனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள். பாட்டில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. இது என்னம்மா என்றேன். "அவளாவே இழுத்தா பத்தாதுங்க அண்ணா. மூச்சு விட்டதும் நுரையீரல் ஒட்டிக்கும். அதான் காத்த அழுத்தி அனுப்பறோம்."

அழுத்தி அனுப்பறோம். டைக்காரன் சொன்ன அதே வார்த்தை. ஷோரூமில் நான் வாய் பிளந்து பார்த்தது இங்கே ஒரு ரப்பர்க் குழாயும் தண்ணீர்ப் பாட்டிலுமாக என் மகளுக்கு நடந்துகொண்டிருக்கிறது, நான்கு வாரமாகப் பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியவில்லை.

அவள் முதுகு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபது மூச்சு. ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு. ஒன்றுகூட விடாமல்! தூங்கிக்கொண்டே! இருபது வருடமாகப் பாரம் பாரம் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன், இவ்வளவு வேலை செய்கிற எதையும் நான் கண்டதில்லை.

ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். கால் மரத்துப்போனது. எழுந்திருக்க மனமில்லை.

மார்ச் 28, சனி

இந்த முறை மனைவியைக் கேட்டேன்.

"சின்னதையே எடுங்க."

"கீழயே இருக்கணும்னு ஆயிட்டா?"

"ஆனா அப்பப் பாத்துக்கலாம். மேல போகத்தானே வண்டி வாங்கறோம்?"

"டாக்டரம்மா..."

"அவங்க தெரியலன்னுதானே சொன்னாங்க? முடியாதுன்னு சொல்லலையே. நீங்க ஏன் அதுக்குள்ள அவள இறக்கி விடறீங்க?"

நேரே ஷோரூமுக்குப் போய் ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைக்காரன் மூட்டைகளை நலம் விசாரித்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

பொடியின் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள். பாட்டிலில் குமிழிச் சத்தம் இல்லை. அந்த அமைதி என்னைக் கொன்றது. நாள் முழுக்க அவள் விலா எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 29, புதன்

பொடி 1,980 கிராம். குண்டு இரண்டரைக் கிலோ, உண்மையிலேயே குண்டு.

வண்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது, ஓட்ட மனம் வரவில்லை.

மே 9, சனி

நாளை கூட்டிக்கொண்டு போகலாம். மேலேயே போய்ப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் நிறுத்தி நிறுத்தி. பாதி வழியில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். பொடியின் காலில் மாட்டும் ஒரு சின்ன மீட்டர் கொடுத்திருக்கிறார், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும். தொண்ணூறுக்குக் கீழே போய் நின்றால் சிலிண்டரைத் திறந்துவிட்டு அப்படியே கீழே திரும்ப வேண்டும்.

"டெஸ்ட் டிரைவுங்க" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

மனைவிதான் ஓட்டினாள். பின்னால் இரண்டு பக்கமும் குழந்தைகள், நடுவே மூத்தவள், அவள் கையில் மீட்டர். கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில் 97. நான்காவது வளைவில் 95. பாதி வழி பஸ் நிறுத்தத்தில் 93. அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். மேலிருந்து வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அக்கா, டயர் பஞ்சரா?" "இல்லடா, பாப்பா மூச்சு விடுது" என்றாள் இவள். அவர் போய், புகை படாமல் இருக்க பஸ் எஞ்சினை அணைத்துவிட்டார். உள்ளே முப்பது பேர், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

93 அப்படியே நின்றது. கிளம்பினோம்.

ஏழாவது வளைவில் எஞ்சின் விசிலடித்தது. மூத்தவள், "தொண்ணூத்தொண்ணு" என்றாள். பிறகு, "தொண்ணூறு". மனைவியின் கை ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். சிலிண்டர் திருகைத் தொட எனக்குக் கை எட்டவில்லை, சீட்டின் மேல் பாதி உடம்பைப் பின்னால் போட்டுக்கொண்டு கிடந்தேன். "தொண்ணூறு. தொண்ணூறு. அப்பா, தொண்ணூறு." யாரும் மூச்சு விடவில்லை, பொடியைத் தவிர.

"தொண்ணூத்தொண்ணு!"

"தொண்ணூத்திரண்டு!"

வீட்டு வாசலில் மனைவி எஞ்சினை அணைத்தாள். ஒரே அமைதி. பொடி கண்ணைத் திறந்தாள், வாயைக் கோணினாள், பிறகு ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! குண்டு பயந்து எழுந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டாயிரம் சி.சி. எஞ்சின் மூச்சு வாங்கித் தடுமாறிய அந்த உயரத்தில், இரண்டேகால் கிலோ எடையில் அவ்வளவு சத்தம் போடுவதற்கு அவளுக்குக் காற்று எங்கிருந்து கிடைத்தது? மனைவி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கத்துடி, கத்து, நல்லாக் கத்து" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 1, சனி

வண்டியை முதல் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். திரும்பக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். மூத்தவளின் பென்சில் ஒன்று, பிஸ்கட் தூள், பொடியின் மீட்டர்.

"ரொம்ப நாளா கெடந்திருக்கும் போல, சார்" என்றார். பேட்டரி செத்துப் போயிருந்தது. நாங்கள் யாரும் அதைத் தேடவே இல்லை.